இரண்டு ஆமவடை எடையுள்ள ஆட்டுக்கறி

ஆஸ்பத்திரிச் சமையற்கூடங்களுக்குப் புதிதாக ஸ்டூவர்டு வேலைக்கு வருகிறவர்கள் சில பேர் என்னைத் தேடி வருவதுண்டு. கறியைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வதில் நான் பெரிய புலி என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் ஏமாறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷம் கறிக்குக் கூறு பிரித்துக் கொடுத்த நான், இன்றுவரை அதில் ஒரு துண்டுகூட வாயில் போட்டதில்லை. அதுகூடப் பரவாயில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள், ஆட்டுக்கறி வெந்தால் பெருகும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். காத்திருக்கிறேன்.

என் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டு அடுப்பில் ஏறியது எதுவும் பெருகித்தான் இறங்கும். அரிசி மூன்று பங்காகும். பருப்பு பொங்கும். கொண்டைக்கடலை இரட்டிக்கும். அப்பளம் எண்ணெயைக் கண்டதும் உப்பி வெளியே எட்டிப் பார்க்கும். கீரை மட்டும்தான் சுருங்கும். அதைக் கீரையின் தனிப்பட்ட பலவீனம் என்று வைத்திருந்தேன்.

யுத்த காலம் அது. அடையாற்றங்கரையில் ஒரு பெரிய பங்களாவை எடுத்து, காயம் ஆறி வரும் சிப்பாய்கள் அறுபது பேரைத் தங்க வைத்திருந்தார்கள். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருந்த என்னை அங்கே சாப்பாட்டு ஸ்டூவர்டாகப் போட்டார்கள். வீட்டில் 'ஸ்டோர்ஸ் உத்தியோகம்' என்று மட்டும் சொன்னேன். என்ன ஸ்டோர்ஸ் என்று யாரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

மேலிடத்து உத்தரவில், ஆளுக்கு நாலு அவுன்ஸ் கறி என்று இருந்தது. ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ், ஆக அறுபது பேருக்குப் பதினைந்து ராத்தல். நான் கணக்கில் கெட்டிக்காரன். வெந்தால் மூன்று பங்காகும், ஆகவே ஐந்து ராத்தல் போதும் என்று எழுதி அனுப்பினேன். அரசாங்கத்துக்குப் பத்து ராத்தல் மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையோடு சமையற்கட்டு வாசலில் நின்றேன்.

கறிச் சமையலுக்கு இருந்தவர் சாந்தோமைச் சேர்ந்த ஒரு அம்மாள். பெயர் வேண்டாம், சாந்தோம் அம்மாள் என்றே வைத்துக்கொள்வோம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். மாதா கோவில் தெருவிலிருந்து தினமும் காலையில் ஒரு கூடையோடு நடந்தே வருவார். கறி வந்த கூடைக்குள் அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஐயரே, மீதிக் கறி பின்னால வண்டில வந்துகினு கீதா?"

"அவ்வளவுதாம்மா. வெந்தா பெருகுமே."

அம்மாள் கூடையை மூடி வைத்தார். பிறகு மெதுவாக, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "ஊட்ல உன்னைப் பாத்துக்க யார்னா கீறாங்களா?"

அன்று மதியம் அவர் எங்கிருந்தோ முட்டைகளைத் தேடிப் பிடித்து, அவித்துக் குழம்பில் போட்டு என் மானத்தைக் காப்பாற்றினார். தட்டுகளில் கிடந்த கறித்துண்டு ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு இருந்தது.

அந்தப் பயத்தில்தான் இரண்டாவது தப்பைச் செய்தேன். இனி யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது என்று, சமையற்கட்டு வாசலுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய கரும்பலகையை மாட்டி, உணவு அளவுகளைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அழகான எழுத்தில் எழுதி வைத்தேன். உத்தரவில் 'ஆளுக்குக் கறி நாலு அவுன்ஸ்' என்று மொட்டையாக இருந்தது. இலக்கியம் படித்தவனுக்கு மொட்டை வாக்கியம் பிடிக்குமா? 'ஆளுக்குத் தட்டில் கறி நாலு அவுன்ஸ்' என்று நிறைவாக எழுதினேன். உத்தரவு சொன்னது பச்சைக் கறியை. நான் எழுதியது வெந்த கறியை. வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு தினமும் சரியாகப் பதினைந்து ராத்தல், எலும்பு நீக்கிய கறியாக வந்தது. சாந்தோம் அம்மாள் சமைத்து அறுபது கூறாகப் பிரிப்பார். நான் வாசற்படியைத் தாண்டாமல் நின்று மேற்பார்வை செய்வேன். அங்கேதான் என் படிப்பு ஆரம்பித்தது. அம்மாளுக்கு என்னைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு. ஒரு கூறைத் தட்டில் வைத்துத் தூரத்திலிருந்து காட்டுவார்.

"சொல்லு ஐயரே, இது எத்தினி?"

கறியின் எடை எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். "ரெண்டு ஆமவடை இருக்கும்," என்றேன்.

அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கூறைத் தராசுத் தட்டில் போட்டார். இரண்டே முக்கால் அவுன்ஸ். அடுத்த நாள் ஒன்று காட்டினார். "ரெண்டு ஆமவடையும் ஒரு விள்ளலும்." மூன்று அவுன்ஸ். இப்படியே ஆறு மாதம். ஒரு ஆமவடை சுமார் ஒன்றரை அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு என்று என் கண்ணுக்குள் பதிந்துவிட்டது. கொழுப்புள்ள துண்டு பார்வைக்குப் பெரிதாக இருக்கும், எடை நிற்காது; அதற்குத் தயிர்வடை என்று தனிக் கணக்கு வைத்துக்கொண்டேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் அளவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சின்ன வயதிலிருந்து உங்கள் தட்டில் விழுந்து பழகிய பொருளாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய அளவு அவசரத்துக்கு நினைவு வராது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஆறு மாதமாக வெந்த கூறு இரண்டே முக்கால் அவுன்ஸ் என்று என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தலைக்கு மேலே, என் கையெழுத்தில், நாலு அவுன்ஸ் என்று பலகை சொல்கிறது. ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை. நான் எழுதியதை நானே படிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

படிக்கிற ஒருவர் வந்தார். உணவுப் பொருள் தணிக்கைக்காக வந்த ஆங்கிலேயக் கேப்டன். மோசமான மனிதர் இல்லை. ஆனால் பட்டாளத்தில் அவர் கண்ட கறியெல்லாம் டப்பாவில் அடைத்து வந்தது. டப்பாவின் மேல் என்ன எடை அச்சிட்டிருக்கிறதோ, அதே எடை தட்டில் விழும். வியாழக்கிழமை மதியம் அவர் பலகையைப் படித்தார். பரிமாறத் தயாராக இருந்தவற்றில் பத்துத் தட்டுக் கறியைத் தனித்தனியாகத் தராசில் போட்டுப் பார்த்தார். பத்தும் இரண்டே முக்கால்.

"ஒவ்வொரு தட்டிலும் ஒன்றேகால் அவுன்ஸ் குறைகிறது," என்றார். "அறுபது தட்டுக்கு நாலரை ராத்தலுக்கு மேல். தினமும் அது எங்கே போகிறது?"

கேட்டுவிட்டு, மூலையில் இருந்த சாந்தோம் அம்மாளின் கூடையைப் பார்த்தார். கூடையில் ஒரு ஜெபப் புத்தகமும் சாப்பாட்டுத் தூக்கும்தான் இருந்தன. ஆனால் கூடை என்று ஒன்று இருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. பட்டாளத்து ரேஷனைத் திருடினால் வேலை போவதோடு நிற்காது, போலீஸ் வரும்.

மொழிபெயர்ப்பாளன் நான்தான். சொன்னேன். அம்மாளின் முகம் சிவந்துவிட்டது.

"கறி வெந்தா சுருங்காதானு கேளு ஐயரே அந்த ஆளை! நான் தூக்கிக்கினு போறேனா? எங்க அப்பன் காலத்துலேர்ந்து கோவில்ல பூசைக்கு மணியடிச்ச குடும்பம்!"

மணியடித்ததை விட்டுவிட்டு, சுருங்குவதை மட்டும் கேப்டனுக்குச் சொன்னேன். "கறி வேகும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஐயா."

"நீ சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லை, ஐயா."

"சமைத்திருக்கிறாயா?"

"இல்லை."

"தொட்டாவது பார்த்திருக்கிறாயா?"

"அதுவும் இல்லை, ஐயா." சாட்சிக் கூண்டில் இவ்வளவு மோசமான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் ஏறியிருக்க மாட்டான்.

இந்த இடத்தில் அம்மாள் ஒரு காரியம் செய்தார். தலை நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'தட்டில்' என்ற அந்த வார்த்தையை யார் எழுதியது என்று அவருக்குத் தெரியும்; எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் ஏணி மேல் நின்று எழுதும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரே அவர்தான். 'இவரு எழுதினதுதான் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது பெருந்தன்மை. நான் சொல்லாததற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

"நாளைக்கு உங்கள் கண் முன்னாலேயே சமைக்கட்டும்," என்று மட்டும் கேட்டேன். கேப்டன் யோசித்துச் சம்மதித்தார். ஆனால் நிபந்தனை போட்டார்: கறி வெந்த பிறகு அம்மாள் அதன் பக்கம் வரக்கூடாது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு லாரியில் அவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதற்குள் முடிய வேண்டும்.

மறுநாள் காலை கேப்டனே தராசைப் பிடித்துப் பதினைந்து ராத்தல் நிறுத்தார். அடுப்பில் ஏற்றுவதற்கு முன் நான் அவர் எதிரே போய் நின்றேன். இரவு முழுக்க ஒத்திகை பார்த்த நீண்ட ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் அடையாற்றோடு போய்விட்டன.

"பலகையில் 'தட்டில்' என்பது நான் சேர்த்தது. உத்தரவில் இல்லை. தப்பு என்னுடையது."

கேப்டன் தம் பையிலிருந்து உத்தரவை எடுத்துப் பார்த்தார். "இது நீ தப்பாக எழுதினாய் என்பதைக் காட்டுகிறது. அந்த அம்மாள் எடுக்கவில்லை என்பதைக் காட்டவில்லை. சோதனையில் தோற்றால் இருவரும் வெளியே."

நியாயமான பேச்சு. அம்மாளிடம் சொன்னேன். "நேத்தே சொல்லியிருந்தா நான் ராத்திரி தூங்கியிருப்பேன்," என்றபடி அவர் கறியைப் பாத்திரத்தில் போட்டு, மசாலாவும் தண்ணீரும் சேர்த்து, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து அப்பி ஒட்டினார். கேப்டன் பாத்திரத்துக்கு நாலடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஈ கூட உள்ளே போக வழியில்லை.

பதினொன்றரை. மாவை உடைத்து மூடியைத் திறந்தார்கள். அம்மாள் விலகிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இனி எடை போட வேண்டியதுதான். தராசுத் தட்டில் காலையில் நிறுத்த பச்சைக் கறியின் ஈரம் ஒட்டியிருந்தது. துடைத்து வைப்போம் என்று நான் முன்வந்தேன். அதைக் கையால் தொட என் மனசு இடம் தரவில்லை. ஒரு ஈரத் துணியை மடித்து, அதன் வழியாக இரண்டே விரலால் தராசைத் தூக்கினேன்.

அப்படித் தூக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. தராசு வழுக்கிக் கல் தரையில் விழுந்தது. தண்டு வளைந்து, முள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

சாந்தோம் அம்மாள் கூரையைப் பார்த்து, "மாதாவே, இந்த ஆளை நீ எதுக்குப் படைச்சே?" என்றார்.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "வேறு தராசு கொண்டுவர நேரமில்லை. நேற்றைய எடையை வைத்தே அறிக்கை எழுதிவிடுகிறேன்."

வார்டில் சிப்பாய்கள் ஊருக்குக் கடிதம் எழுதும் மேஜையில், தபால் நிறுக்கும் குட்டித் தராசு ஒன்று இருந்தது. நாலு அவுன்ஸுக்கு மேல் தாங்காது. பாத்திரத்துக் கறியையெல்லாம் அதில் நிறுக்கப் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் ஒரு கூறை நிறுக்கலாம்.

"கறி முழுவதையும் மிச்சம் வைக்காமல் அறுபது கூறாக நான் பிரிக்கிறேன்," என்றேன். "உங்களுக்கு இஷ்டப்பட்ட மூன்றை எடுங்கள். பார்த்தே எடை சொல்கிறேன். தபால் தராசில் போட்டுப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், அறுபதால் பெருக்கிக்கொள்ளுங்கள்."

"ஒன்று தவறினால்?"

"அறிக்கையை எழுதிக்கொள்ளுங்கள்."

சொன்ன பிறகுதான், பிரிக்க வேண்டிய கை என்னுடையது என்பது நினைவுக்கு வந்தது. அம்மாள் கிட்டே வரக்கூடாது. வேறு யாரை விட்டாலும் கேப்டன் நம்ப மாட்டார். பாத்திரத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கறிப் பாத்திரத்தின் அருகே போனேன்.

"கண்ணை மூடிக்காதே ஐயரே," என்றார் அம்மாள் பின்னாலிருந்து. "தொறந்து வெச்சுக்கினு கைய விடு. கடிக்காது."

விட்டேன். கடிக்கவில்லை.

தொழில் செய்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். முதல் கூறிலிருந்து ஆரம்பித்து ஒன்று, இரண்டு என்று பிரித்துக்கொண்டே போகாதீர்கள். முன்னால் வருகிற தட்டு கொழுக்கும், கடைசித் தட்டு அழும். கண்ணுக்கு அளக்க வராது, ஒப்பிட வரும். பெரிய தாம்பாளத்தில் கறி முழுவதையும் பரப்பினேன். பார்த்துப் பாதியாக ஒதுக்கினேன். ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதி. நாலு கும்பல். ஒவ்வொரு கும்பலிலும் பதினைந்து கூறு. இதற்குக் கொஞ்சம், அதிலிருந்து கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்து, அறுபது தட்டும் ஒரே முகமாகத் தெரிந்ததும் நிமிர்ந்தேன். முழங்கை வரைக்கும் மசாலா. நல்லவேளை, மயிலாப்பூரிலிருந்து யாரும் வரவில்லை.

கேப்டன் முதல் தட்டை எடுத்தார். "சொல்."

இரண்டு ஆமவடை. "இரண்டே முக்கால்."

கறியை மட்டும் எடுத்து வைத்ததும் தபால் தராசு ஆடி, இரண்டே முக்காலில் நின்றது.

இரண்டாவது தட்டு. பார்வைக்கு முன்னதைவிடத் துளி பெரிதாக இருந்தது. ஓரங்களில் வெள்ளையாகக் கொழுப்பு. ஆமவடையோடு கொஞ்சம் தயிர்வடை கலந்திருக்கிறது. "இதுவும் இரண்டே முக்கால்தான். பெரிதாகத் தெரிவது கொழுப்பு."

இரண்டே முக்கால்.

கேப்டன் மூன்றாவது தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஏதோ செய்தார். திரும்பியபோது, ஒரு பெரிய பீங்கான் தட்டின் நடுவில் கறி பரிதாபமாகக் கிடந்தது. அகலத் தட்டில் எதுவும் சின்னதாகத்தான் தெரியும். இரண்டரை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தட்டைப் பார்ப்பதை விட்டேன். கறிக்கு மேலே, மனசுக்குள், இரண்டு ஆமவடையை வைத்துப் பார்த்தேன். வடையின் விளிம்பு கறிக்கு வெளியே சற்றே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வடையைவிடக் குறைவு. தட்டு செய்கிற மாயமில்லை. என் பிரிப்பில் தப்பா? இருக்க முடியாது.

"ஒரு துண்டை எடுத்துவிட்டீர்கள்," என்றேன். "இப்போது இரண்டு அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேலே."

தராசில் வைத்தார். இரண்டேகால். கேப்டன் இடது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு துண்டு இருந்தது. அதையும் சேர்த்துப் போட்டார். இரண்டே முக்கால்.

அறுபதால் பெருக்கினார். பத்து ராத்தலும் ஐந்து அவுன்ஸும். "பதினைந்து ராத்தல் என் கண் முன்னால் உள்ளே போயிற்று. மூடி திறக்கவே இல்லை. மீதி எங்கே?"

அம்மாள் என்னைப் பார்த்து, "அந்த ஆளை உப்புப் பாக்கச் சொல்லு," என்றார். அன்று வெள்ளிக்கிழமை. மாதா கோவில் விரதம், அவர் கறி நாக்கில் வைக்க மாட்டார். நான் எந்தக் கிழமையும் வைக்க மாட்டேன். கேப்டன் கரண்டியால் குழம்பை எடுத்து ஊதிக் குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார். மூன்றாவதையும் குடித்துவிட்டு, பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். காலையில் அம்மாள் ஊற்றியது எத்தனை செம்புத் தண்ணீர் என்பது அவருக்கு நினைவிருந்தது. இப்போது குழம்பு அதைவிட இரண்டு செம்பு அதிகமாகத் தெரிந்தது.

"இதில் இருக்கிறது," என்றார்.

பலகையின் முன்னால் போய்த் தம் கையாலேயே 'தட்டில்' என்பதை அழித்தார். தமிழில் அது எந்த வார்த்தை என்று நான் காட்ட வேண்டியிருந்தது. சாந்தோம் அம்மாளுக்கு எதிரே வந்து தொப்பியைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள், "புரிஞ்சிது, புரிஞ்சிது. ரயிலுக்கு நேரமாவுது, போ நைனா," என்று அவர் பெருந்தன்மையாக விடைகொடுத்துவிட்டார்.

அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை. வாசலில் லாரி புறப்பட்டுப் போனதும், பரிமாறுகிறவர்களை நகரச் சொல்லிவிட்டு, அறுபது தட்டும் என் கையால் பிரித்தவை என்ற பெருமையோடு நானே வார்டுக்குத் தட்டுகளை எடுத்துப் போனேன். கட்டில் கட்டிலாக வைத்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்து நின்றேன்.

காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்த சைதாப்பேட்டைச் சிப்பாய் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், கறி சில்லுனு கீது, கொழம்பையும் காணோம். இன்னிக்கு எவன் சார் கூறு போட்டான்? நாளைக்காச்சும் அந்தம்மாவையே போடச் சொல்லு."